சீமைக்குப் போகுமுன் ஒரு நாள் பயணம்



ஐரோப்பாவுக்குச் சென்று வரும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டினால் எந்த நாட்டை முதலில் காண விரும்புவீர்கள்? நம்மில் பலர் சற்றும் தயங்காமல் ஸ்பெயின் என்றே விடையளிப்போம். கொர்டோவாப் பெரும்பள்ளியின் செந்நிறமும் வெண்ணிறமும் மாறி மாறி வரும் வளைவுகள், கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகை, அதன் நீரூற்று முற்றங்கள் ஆகியவற்றைப் பற்றிப் படித்துப் படித்து, பாராமலே அவற்றின்மீது காதல் கொண்டவர்கள் நாம். அந்த ஆசை நிறைவேற இறைவன் அருள் புரியட்டும்.

ஆனால், விசாவும் விமானக் கட்டணமும் கைகூடும் வரை வரலாற்றைக் காணாமல் காத்திருக்கத்தான் வேண்டுமா? சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் காணத்தக்க ஒரு வரலாற்று வழியை இங்கே உங்கள் முன் வைக்கிறேன். அது திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதி என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும்.

என் சகோதரியின் மகன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். "உங்கள் பகுதியைப் பார்க்க வருகிறேன்" என்று நான் சொன்னபோது அவரும் சிரித்தார். "இங்கே பார்க்க என்ன மாமா இருக்கிறது? கம்பெனியும் லாரியும்தான்" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, கார், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, கைப்பேசி என்று ஆலைகள் இங்கே அடுத்தடுத்து எழுந்தன. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், வட மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிந்தனர். பணிமுறைக்கு ஒரு பேருந்து, உறங்க ஓர் அறை என்று வாழ்வோருக்கு, தாம் மிதிக்கும் மண்ணின் கதையைக் கேட்க நேரம் ஏது?

அந்தக் கதையைத்தான் இப்போது நாம் கேட்கப் போகிறோம்.

பூந்தமல்லிப் பள்ளிவாசல்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்லும்போது முதலில் வருவது பூந்தமல்லி. மேம்பாலத்தின்மீது விரைந்து கடந்துவிடாமல் ஊருக்குள் இறங்குங்கள். இங்குள்ள பழைய பள்ளிவாசல் 1653-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குதுப் ஷாவின் ஆட்சிக் காலத்தில், அஸ்தராபாத்தைச் சேர்ந்த ருஸ்தம் என்பவர் இதனைக் கட்டினார். அஸ்தராபாத் என்பது பாரசீகத்தில், காஸ்பியன் கடலோரப் பகுதியில் உள்ள நகரம். அங்கே வேர்கொண்ட ஒரு குடும்பத்தின் மகன் தொண்டை மண்டலத்தில் வந்து பள்ளிவாசல் எழுப்பினார் என்றால், அந்நாளைய உலகம் நாம் நினைப்பதைப் போலச் சிறியதன்று என்பது விளங்கும்.

கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா 1640-களில் இப்பகுதியைக் கைப்பற்றியிருந்தார். அந்நாளில் பூந்தமல்லி ஓர் அதிகாரத் தலைமையிடம். புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்த ஆங்கிலக் கம்பெனியார், பூந்தமல்லி அதிகாரியின் மனம் கோணாதபடி நடந்துகொள்ள வேண்டியிருந்தது. இன்று சென்னையின் புறநகராகிவிட்ட ஊர், ஒரு காலத்தில் சென்னையை அதட்டிய ஊர்.

திருப்பெரும்புதூரில் இரண்டு நினைவுகள்

அடுத்து, சென்னையிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டரில் திருப்பெரும்புதூர். நெடுஞ்சாலையோரத்திலேயே ராஜீவ் காந்தி நினைவகம் உள்ளது. 1991 மே 21-ஆம் நாள் இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட இடம் இது. 2003-ஆம் ஆண்டு, அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் இந்நினைவகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 7 கற்றூண்கள் வானை நோக்கி நிற்கின்றன. அன்று தலைவரோடு காவல் துறையினரும் பொதுமக்களும் மாண்டனர். பெரியவர்களின் பெயர்களைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது, வேலைக்கு வந்த இடத்தில் உயிர்நீத்த அந்த எளியவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊரின் நடுவே ஆதிகேசவப் பெருமாள் கோயில். வைணவப் பெரியார் இராமானுசர் பிறந்த ஊர் இது. அவருடைய காலம் 1017 முதல் 1137 வரை என்பது மரபு. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோரையும் இறைவழிபாட்டில் சேர்த்துக்கொள்ள முயன்றவர் என்று அவரை மக்கள் போற்றுகின்றனர். கோயிலின் நடைமுறைக்கு மதிப்பளித்து வெளியில் நின்றே கோபுரத்தையும் தேரோடும் வீதிகளையும் கண்டு வரலாம்.

இராமானுசரின் கதையில் நம் சமுதாயத்துக்கும் ஓரிடம் உண்டு என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கர்நாடகத்தின் மேல்கோட்டைக் கோயிலில் இருந்த விழாத் திருவுருவம் தில்லிக்குக் கொண்டு செல்லப்பட்டதாம். சுல்தானின் மகள் அதனைப் பொம்மையாகக் கருதி அன்பு செலுத்தினாளாம். இராமானுசர் நேரில் சென்று அதனை மீட்டு வந்தபோது, பிரிவைத் தாங்காத இளவரசி பின்தொடர்ந்தே வந்துவிட்டாளாம். அவளை 'பீபி நாச்சியார்' என்று மேல்கோட்டையில் இன்றும் போற்றுகின்றனர். திருவரங்கத்திலும் 'துலுக்க நாச்சியார்' என்ற பெயரில் அவளுக்கு ஒரு சன்னதி உண்டு. அங்கே ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு.

தில்லியில் சுல்தான்களின் ஆட்சி தொடங்கியது 1206-ஆம் ஆண்டில்தான். எனவே காலக்கணக்கு பொருந்தவில்லை. இதனை வரலாறு என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. அதன் வழிபாட்டுக் கருத்தும் நம் நம்பிக்கைக்கு உரியதன்று. ஆயினும், படையெடுப்பின் கசப்பை மறக்க விரும்பிய மக்கள், எதிரியின் மகளைத் தம் வீட்டு மகளாக்கிக்கொண்டு ஒரு கதை சொன்னார்களே, அந்த மனம் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும்.

12,000 ஆண்டுகளுக்கு முந்திய தொழிற்கூடம்

திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். அதற்கு அருகில் வடக்குப்பட்டு என்று ஒரு சிற்றூர். இந்தியத் தொல்லியல் துறை 2022-ஆம் ஆண்டு அங்கே அகழாய்வு நடத்தியது. அதிக ஆழம் செல்லாமலே கற்கருவிகள் வெளிப்பட்டன. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடி வாழ்ந்த மக்கள் கல்லைச் செதுக்கிக் கருவி செய்த தொழிற்கூடம் அது என்று ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளும் அங்கே கிடைத்தன. பிற்காலப் பல்லவர் கால எச்சங்களும் காணப்பட்டன.

வாசகர்களே, சற்று நின்று சிந்தியுங்கள். கார்களும் லாரிகளும் உருவாகும் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே, பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் மனிதன் கருவி செய்துகொண்டிருந்திருக்கிறான்! வெளிநாட்டுத் தொடர்பும் இப்பகுதிக்குப் புதிதன்று. இன்று கொரியாவும் ஜப்பானும் ஜெர்மனியும் வந்திருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியின் சாடிகள் வந்தன. கிழக்கே சிறிது தொலைவில் உள்ள பல்லாவரத்தில்தான், 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேயர் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததை உலகுக்கு அறிவித்தது.

வடக்குப்பட்டுக்குச் சென்றால் உங்களுக்கு மாளிகையோ மண்டபமோ காணக் கிடைக்காது. மேடும் மண்ணுமே தெரியும். ஆனால் அந்த மண்ணைக் காட்டி உங்கள் மகனிடம் நீங்கள் சொல்லும் சொற்கள் அவன் நெஞ்சில் ஒரு மாளிகையை எழுப்பும்.

புள்ளலூர்ப் போர்க்களம்

ஒரகடத்திலிருந்து மேற்கே சென்றால் வாலாஜாபாத். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர். கம்பெனிப் படை முகாமிட்டிருந்த ஊர். அதனைக் கடந்தால் காஞ்சிபுரம். கயிலாசநாதர் கோயிலின் பல்லவச் சிற்பங்களையும், எல்லாச் சமயத்தாரும் வந்து செல்லும் ஹமீது அவுலியா தர்காவையும் கண்டு, லுஹர் தொழுது, உணவருந்திய பின், வடக்கே சுமார் 15 கிலோ மீட்டர் செல்லுங்கள். அதுதான் புள்ளலூர்.

1780 செப்டம்பர் 10-ஆம் நாள், கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கம்பெனிப் படையை, ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் இங்கேதான் முறியடித்தனர். ராக்கெட்டுகள் சீறின. கம்பெனியாரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சிறைப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-இல் மாண்டார். அருகில் காஞ்சியில் பெரும்படையுடன் இருந்த ஜெனரல் மன்றோ, உதவிக்கு வர இயலாமல், தம் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கினார். இந்தியாவில் கம்பெனிப் படை அதுவரை கண்டிராத பெருந்தோல்வி அது.

இங்கே சிறைப்பட்டவர்களில் டேவிட் பெயர்டு என்ற இளம் அதிகாரியும் ஒருவர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின்மீது நடந்த இறுதித் தாக்குதலைத் தலைமையேற்று நடத்தியவர் அவரே. திப்பு வீழ்ந்தார். அவருடைய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குச் சென்றன. அவற்றைக் கண்டே வில்லியம் காங்கிரீவ் ஐரோப்பியப் போர்களுக்கான ராக்கெட்டை உருவாக்கினார். இந்தப் புள்ளலூர் வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். அக்காட்சியைக் காட்டும் ஓவியம் ஒன்று 2022-இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்து, 6 இலட்சத்து 30 ஆயிரம் பவுனுக்கு விலைபோனது.

போர் நடந்த ஊரில் என்ன இருக்கிறது? 1781-இல் இதே இடத்தில் மீண்டும் நடந்த போரில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகள் இருவருக்கான நினைவுத் தூண்கள் உள்ளன. ஓவியத்துக்குப் பெரும்பொருள் கொடுக்க இலண்டனில் ஆள் உண்டு. போர் நடந்த வயல்வெளியைப் பார்க்க, அடுத்த ஊரிலிருந்துகூட ஆள் வருவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

நாம் முதலில் பேசிய அல்ஹம்ராவின் கதையை இப்போது நினைவுகூருங்கள். 1492-இல் கிரனடா வீழ்ந்த பின் அம்மாளிகை மெல்ல மெல்லச் சீரழிந்தது. வீடற்றோர் அதில் குடியேறினர். 1812-இல் நெப்போலியனின் படை அங்கிருந்து விலகியபோது அதன் கோபுரங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. பயணிகள் தேடிச் சென்று, கண்டு, எழுதி, பிறரையும் அழைத்து வந்த பிறகே நிலை மாறியது. 1870-இல் ஸ்பெயின் அரசு அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. பார்க்க ஆளிருந்ததால்தான் அது பிழைத்தது.

ஒவ்வொரு புதிய கட்டடத்துக்கும் மண் சமப்படுத்தப்படும் பகுதி நம் ஒரகடம் பகுதி. ஆலைகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவை ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கின்றன. ஆனால் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் அருகில் இருந்தால்தான், மண்வாரி இயந்திரம் இறங்கும்போது ஒரு குரல் எழும். வித்தியாசமான கல்லோ, பழைய ஓடோ, எழுத்துப் பொறித்த பலகையோ கண்ணில் பட்டால் எடுத்து வந்துவிடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். இடம் மாறிய சான்று பாதிப் பேச்சை இழந்துவிடும்.

வருகிற விடுமுறை நாளில் ஒரு வேன் பிடித்து, அதிகாலையில் புறப்படுங்கள். பாட்டியாரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வெயிலுக்குக் குடையும், குடிக்கத் தண்ணீரும் மறவாதீர்கள். அங்கே வேலை பார்க்கும் உறவினர் இருந்தால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். புள்ளலூர்த் தூண்களின் நிழலில் நெடுநேரம் பேசாமல் நின்றிருந்த என் மருமகன், திரும்பும் வழியில் கேட்டது ஒன்றுதான்: "மாமா, அடுத்த வாரம் எங்கள் ஷிப்டுப் பிள்ளைகளையும் அழைத்து வரலாமா?"