மஞ்சக்காட்டுப் பூதம்!

ஆயுத பூஜை லீவுக்கு மாமனார் ஊருக்குப் போனால் மாப்பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? பொரி, சுண்டல், மத்தியானத் தூக்கம். எனக்குக் கிடைத்தது புழு!

ஈரோட்டிலிருந்து கொடுமுடி பஸ்ஸில் ஏறினால் காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் காடுகள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோடு மஞ்சளாக்கும்! மறுநாள் காலையில் மாமனார் என்னைக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். வரப்பில் நின்றதும் விருட்டென்று ஒன்று பறந்து வந்து உட்கார்ந்தது. இரண்டு அங்குலம்கூட இல்லை. கரும்பழுப்பு இறக்கை, பின்னிறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு, கொக்கி போல் வளைந்த உணர்கொம்பு. மற்ற பட்டாம்பூச்சி மாதிரி மிதக்கிற ஜாதியில்லை. ஒன்பது மணி டிரெயினைப் பிடிக்க ஓடும் கிளார்க் மாதிரி தாவல்!

"என்ன அழகு மாமா!" என்றேன்.

"அழகுங்களா? அது பெத்ததைப் பாருங்க மாப்ளே!"

சுருட்டு மாதிரி இருந்த மஞ்சள் இலை ஒன்றைப் பிரித்தார். பட்டு இழையால் தைத்த சுருளுக்குள், தலை மட்டும் கறுத்த பச்சைப் புழு. விவசாயிக்கு இது இலைச்சுருட்டுப் புழு. புத்தகத்தில் உடாஸ்பெஸ் ஃபோலஸ். இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் 'கிராஸ் டெமன்', புல் பூதம்! மஞ்சள், இஞ்சி குடும்ப இலைகளில் முட்டையிடும். புழு சுவரையே தின்றுகொண்டு வாடகையில்லாமல் குடியிருந்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகும்.

இதன் அமெரிக்கப் பங்காளி ஒன்றை ஆராய்ந்த மார்த்தா வைஸ் 2003-ல் ஒரு சங்கதி எழுதினார். நாலு சென்டிமீட்டர் புழு தன் எச்சத்தை ஒன்றரை மீட்டர் தூரம் சுண்டியெறியுமாம்! வாசனை பிடித்துக் குளவி வந்துவிடக் கூடாதே!

"பாவம் மாமா, விட்டுடலாமே?" என்றேன் நகரத்து ஜீவகாருண்யத்தோடு.

"நாலு இலை போனாக் கிழங்கு குறையாதுங்க. காடு பூரா சுருட்டுச்சுன்னா, ஒம்பது மாசப் பாடு போச்சு. பேங்குக்காரன் என்னையச் சுருட்டிருவான்!"

பி.காம். படித்த எனக்கு அந்தப் பேலன்ஸ் ஷீட் உடனே புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். சுருள் கொஞ்சம்தான் என்பதால் மருந்தடிக்கவில்லை. இருவருமாகக் கையாலேயே கிள்ளிச் சேர்த்தோம். புழுக்கள் கோழிக்குப் போயின.

கடைசி வரப்பில் ஒரே ஒரு சுருளை மட்டும் அவர் தொடவில்லை.

"மாமா, இது?"

"இருக்கட்டுங்க. மாப்பிள்ளை பங்கு!"