ஹொட் பட்டர் கணவாய்

திருகோணமலை உள்துறைமுக வீதிப் பக்கம் சாப்பிடப் போனால் நான் மெனுவைத் திறக்கிறதே இல்லை. ஹொட் பட்டர் கணவாய் ஒண்டு, அவ்வளவுதான். சீனாவில போய்க் கேட்டால் முழிப்பாங்கள். இது இலங்கைச் சைனீஸ் கடைகளில பிறந்த சாமான்.

கணவாயை முட்டையிலயும் சோளமாவிலயும் பிரட்டி, கொதி எண்ணெயில போட்டுச் சட்டெண்டு எடுக்கவேணும். கொஞ்சம் பிந்தினாலும் செருப்புத் தோல்தான். பிறகு தாச்சியில பட்டர், உள்ளி, இடிச்ச செத்தல், கறிமிளகாய், வெங்காயத்தாள். பட்டருக்குப் பதிலா மாஜரீன் போட்டிருந்தால் முதல் வாயிலயே தெரிஞ்சிடும்.

மொறுமொறுப்பு கனநேரம் நிக்காது. படம் எடுக்கிற ஆக்கள் தயவுசெய்து பக்கத்து மேசைக்குப் போங்கோ.

டொரண்டோ மச்சாள் திம்சம் கடையில உப்பு மிளகுக் கணவாய் சாப்பிட்டுட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா பட்டர் இல்லையே" எண்டு வொய்ஸ் அனுப்பியிருக்கிறா. சீனாவோட எங்களுக்கு இருக்கிறது நேற்றையத் தொடர்பில்லை: 1911இல காலியில கண்டெடுத்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின்ர கல்வெட்டில சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும் இருக்கு. அதில உள்ள ஆண்டு 1409. பழைய உறவுதான், ஆனால் பட்டர் எங்கட பங்கு.

தட்டில மிஞ்சிற செத்தலும் வெங்காயத்தாளும் எனக்கு. ஆரும் கை வைக்கப்படாது.