அவலாஞ்சி ஏரியில் ஒரு தூண்டில்



பட்டும் பொன்னும் இந்தச் சமுதாயத்து ஆண்களுக்கு விலக்கப்பட்டவை என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து, பட்டையும் சரிகையையும் விற்றே பிழைக்கும் என் போன்றோருக்கு அது சற்றுக் கூடுதலாகவே தெரியும். பெண்களுக்கு ஆகுமான பொருள், ஆகவே வணிகமும் ஆகுமானதே. ஆனால் எங்கள் கடையில் ஒதுங்கும் நூல்துண்டுகள் ஒருநாள் மீனை ஏமாற்றப் பயன்படும் என்று நான் எண்ணியதில்லை.

அக்காவை மணந்த மச்சான் குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பணியாற்றினார். ஓய்வு நேரமெல்லாம் அவருக்குத் தூண்டில்தான். புழு குத்தும் தூண்டில் அன்று, ஃப்ளை ஃபிஷிங். சிறு முள்ளின்மேல் சேவலின் கழுத்திறகையும் மயிற்பீலி இழையையும் வைத்துப் பட்டு நூலால் இறுக்கிச் சுற்றுவார். மினுக்கத்துக்குச் சரிகை ஓர் இழை. முடித்துக் கையில் வைத்தால் நீர்மேல் அமர்ந்த பூச்சியேதான். பட்டு நனைந்ததும் நிறம் ஆழ்ந்து பூச்சியின் உடல்போல் ஆகிவிடும், நைலானில் அது வராது என்பார். ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்டு வாங்கிச் செல்வது இதற்குத்தான்.

1997 மார்ச்சில் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டுடன் என்னை அவலாஞ்சிக்கு அழைத்துச் சென்றார். உதகையிலிருந்து ஏறத்தாழ 28 கி.மீ. 1823இல் அங்கு நிகழ்ந்த பெரும் நிலச்சரிவே அவ்விடத்துக்குப் பெயர் தந்தது. ஏரி இயற்கையானதன்று, குந்தா நீர்மின் திட்டத்துக்காகத் தேக்கியது. அதில் வாழும் ட்ரவுட்டும் வெளியூர் மீன். 1860களில் பிரான்சிஸ் டே அதைக் கொண்டுவர முயன்று தோற்றார், எச்.சி. வில்சனின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பின்னரே அது நிலைத்தது. வெள்ளையர் தம் பொழுதுபோக்குக்காகக் கப்பலேற்றி வரவழைத்த விருந்தாளி! குளிர்ந்த தெளிநீரின்றி அது வாழாது. நம் பாலாற்றில் ஒருநாளும் தாங்காது, பாலாற்றில் நீர் இருந்தால் அல்லவா அந்தப் பேச்சு.

ஃபஜ்ருக்கு ஒளூச் செய்த நீர் எலும்பைத் தொட்டது. பயணிக்கு மூன்று பகலும் இரவும் காலுறைமேல் மஸஹ் செய்யும் சலுகை எத்தகைய அருள் என்பதை நூலில் படித்தபோது நான் உணரவில்லை. வெயில் ஏறியதும் மச்சான் எறியத் தொடங்கினார். இத்தூண்டிலில் ஈயக்குண்டு கிடையாது. கயிற்றின் எடையே பொய்ப்பூச்சியைச் சுமந்து செல்லும். கோல் பின்னே போகும், கயிறு காற்றில் முழுதாக விரியும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும், பிறகே முன்னே. அந்தக் கணத்தைப் பொறுக்காதவன் எறிந்தால் கயிறு காலடியிலேயே சுருண்டு விழும். நெசவாளியின் கைபோல அவர் கை தாளம் தவறவில்லை.

வெற்று மடியைக் காட்டி விலங்கை அழைத்தவரிடம் ஹதீஸ் கேட்காமலே இமாம் புகாரி (ரஹ்) திரும்பினார்கள் என்று பயான்களில் கேட்ட கதை எனக்கு நினைவு வந்தது. ஆனால் வேட்டை வேறு. கண்ணியும் வலையும் மறைவும் இல்லாமல் வேட்டை இல்லை. உண்பதற்காக அது ஆகுமென்றால் அதன் தந்திரமும் அதனுள் அடங்கும்.

அப்போதுதான் முதல் மீன் ஏறியது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை, உடலெங்கும் கரும்புள்ளிகள். சுப்ஹானல்லாஹ்! மச்சான் கை நனைத்து, முள்ளை மெல்லக் கழற்றி, அதை நீரிலேயே விட்டுவிட்டார்.

“ஏன் மச்சான்?”

“அதுதான் இதன் நாகரிகம், தம்பி. எல்லாரும் எடுத்துப்போனால் ஏரியில் என்ன மிஞ்சும்?”

எனக்கு அது பிடிபடவில்லை. பசிக்குப் பிடித்தால் சரி. உண்ணும் எண்ணமே இன்றி ஓர் உயிரின் வாயில் முள்ளேற்றி, மூச்சுத் திணற இழுத்து, விளையாடி முடித்து விடுவதைக் கருணை என்பதா? உயிருள்ளதைக் குறிபார்க்கும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்களே என்றேன்.

மச்சான் கயிற்றைச் சுருட்டினார். “உன் கடைப் பட்டு எங்கிருந்து வருகிறது? கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கையில்தானே கொதிநீரில் போடுகிறார்கள்?”

“அதை ஒருத்தி உடுத்துகிறாள், மச்சான். வீணாகவில்லை.”

என் பதில் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆயினும் ஒரு சேலைக்குள் எத்தனை ஆயிரம் கூடுகள் என்ற கணக்கு அந்தக் குளிரில் என்னைச் சும்மா விடவில்லை. ஏரியில் மீன் மிஞ்ச வேண்டும் என்ற அவர் கவலையும் பொய்யன்று. அதற்கு வழி குறைவாகப் பிடிப்பது. நூறு மீனைப் பிடித்து நூறையும் விடுவதைவிட, இரண்டைப் பிடித்துக் கோலை மடக்குவது மேல்.

லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கிக் கரையில் தொழுதோம். அதன் பிறகு மச்சான் பிடித்த இரண்டையும் விடவில்லை. மீனுக்கு அறுப்புத் தேவையில்லை என்றாலும், தரையில் துடிக்க விடாமல் தலையில் ஒரே அடியில் முடித்தார். வெயில் இன்னும் இருந்தது, மீனும் மேலெழுந்துகொண்டிருந்தது. கோலை உறையில் போட்டுவிட்டார்.

அன்றிரவு அக்கா மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்தார். “நம் வஞ்சிரத்துக்கு ஈடாகுமா இது?” என்று கேட்டுக்கொண்டே பெரிய துண்டை எனக்கு வைத்தார்.

அடுத்த மாதம் மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. வெளிர் மஞ்சள் நூல் கொஞ்சம் வேண்டுமாம், சமையலுக்கு வேண்டிய அளவு மீனுக்குப் போதுமானது மட்டும். ஒரு சிறு கண்டு அனுப்பினேன்.