பச்சை விளக்குக்குப் பிறகு

கால் மைல் என்றால் 402 மீட்டர். எனக்கு அது எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து ரேஷன் கடை வரைக்குமான தூரம். நடந்தால் ஐந்து நிமிடம், வழியில் தெரிந்தவர் யாராவது பிடித்துக்கொண்டால் அரை மணி நேரம். இந்தத் தூரத்தை 19 விநாடிக்குள் கடந்துவிட வேண்டும் என்று 61 வயதிலிருந்து 64 வயதுவரை அலைந்தவன் நான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள்.

மோட்டார் பந்தயங்களிலேயே எளிமையானது டிராக் ரேஸ். வளைவு இல்லை, சுற்று இல்லை. இரண்டு வண்டிகள் அருகருகே நின்று, விளக்கு எரிந்ததும் நேர்க்கோட்டில் பாய வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதை முறையாக நடத்திய முதல் இடங்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் சாந்தா அனா விமான ஓடுதளம், வருடம் 1950. நம் ஊரிலும் பந்தயம் வளர்ந்தது ஓடுதளத்தில்தான். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருடங்கள் பந்தயம் நடத்தியது. இதை வாசிப்பவர்களில் பலர் பிப்ரவரி வெயிலில் அங்கே நின்று புழுதி குடித்திருப்பீர்கள். நானும் கல்லூரி நாட்களில் பாரிமுனையில் பஸ் பிடித்துப் போய் நின்றவன்தான்.

பார்க்கத்தான் முடிந்தது, ஓட்ட முடியவில்லை. சோற்றுக்குக் குறைவில்லாத குடும்பம், ஆனால் எனக்குப் பின்னால் மூன்று தங்கைகள். சம்பளம் வந்த நாளிலிருந்து அது யாருக்கு என்பது எனக்குத் தெரியும். அதில் வருத்தமும் இல்லை. கடைசித் தங்கையின் கல்யாணக் கடன் அடைந்த பிறகு, 1990இல், ஆபீசில் லோன் போட்டு ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி, நான்கு கியர். அதே சமயத்தில்தான் பந்தயமும் சோழவரத்தை விட்டு இருங்காட்டுக்கோட்டையின் புதுத் தடத்துக்குப் போயிருந்தது. என் வண்டி மட்டும் ஆபீசுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் போய் வந்தது.

58இல் ஓய்வு பெற்றேன். அடுத்த மூன்று வருடங்களில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படியிறங்கும்போது முழங்கால் பேச ஆரம்பித்தது. "இந்த வயசுல எதுக்குப்பா?" என்ற கேள்வி எல்லா விஷயத்திலும் வரத் தொடங்கிய காலம் அது. அப்போதுதான் எங்கள் பேட்டை மெக்கானிக் தம்பி சொன்னான், பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்களும் கட்டணம் கட்டி இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டிப் பார்க்க நாள் ஒதுக்குகிறார்கள் என்று. அவனுடனேயே போனேன். முதல் ஓட்டம், 20.31 விநாடி.

இந்த எண்ணைப் பார்த்து எனக்கு வெட்கம் வரவில்லை, அரிப்புதான் வந்தது. அமெரிக்காவின் டாப் ஃப்யூயல் வண்டிகள் 1000 அடியை நான்கு விநாடிக்குள் முடித்துவிடுகின்றன. அவர்களுக்கும் எனக்கும் என்ன போட்டி? என் போட்டி 20.31உடன். மனைவியிடம் 65 வயதுவரை அனுமதி வாங்கினேன். "அதுக்கு மேல ஒரு நாள் கூடக் கிடையாது" என்றாள்.

முதலில் எடையைக் குறைத்தோம். கிராஷ் கார்டு, சைடு ஸ்டாண்டு, கண்ணாடி எல்லாம் கழன்றன. சாரி கார்டைக் கழற்றும்போது மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். "இருபத்தஞ்சு வருஷமா என் புடவையைக் காப்பாத்தினது அது. இனிமே நான் பின்னாடி உக்கார வேண்டாம்னு அர்த்தமா?" ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் அதை மாட்டிவிடுவதாக ஒப்பந்தம் ஆனது. டேங்கில் அரை லிட்டர் பெட்ரோலுக்கு மேல் ஊற்றுவதில்லை. "சார், வண்டி எளைச்சாச்சு. இப்ப நீங்கதான் எளைக்கணும்" என்றான் மெக்கானிக். இரவுச் சோறு சப்பாத்தியாகி, ஆறு கிலோ குறைந்தேன். என் டாக்டர் அதுவரை எத்தனை சொல்லியும் நடக்காத காரியம் அது.

பிறகு பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டினோம். உச்ச வேகம் கொஞ்சம் போகும், கிளம்பும் வேகம் கூடும். ஓடி முடித்ததும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்போம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம், காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் இன்ஜின் நன்றாக மூச்சு விடும். அதனால் மார்கழி, தை மாதக் காலை ஓட்டங்களுக்குத் தனி மரியாதை. இப்படிச் சேர்த்துச் சேர்த்து இரண்டு வருடத்தில் 19.52 வந்தது. பிறகு 19.3, அதோடு நின்றுவிட்டது.

இந்தப் பந்தயத்தின் நுணுக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கோட்டில் நிற்கும்போது முன்சக்கரம் ஓர் ஒளிக்கற்றையை மறைத்துக்கொண்டு நிற்கும். மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை வரும். பச்சை வந்ததும் முதலில் பாய்பவனுக்குப் பந்தயத்தில் லாபம். ஆனால் நம் ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் பச்சைக்கு ஓடத் தொடங்காது. நம் சக்கரம் அந்த ஒளியை விட்டு நகரும்போதுதான் தொடங்கும். பச்சை எரிந்து ஒரு விநாடி கழித்து நீங்கள் கிளம்பினாலும், அந்த ஒரு விநாடி உங்கள் நேரத்தில் சேராது.

இது புரிந்த நாளில் எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. புரை எடுத்த கண்ணும் 60 தாண்டிய கையும் பையன்களோடு போட்டி போட்டுப் பச்சையைப் பிடிக்கப் பார்த்தன. அந்த அவசரத்தில் கிளட்ச் திடுக்கென்று விழும், வண்டி திணறும். முதல் அறுபது அடியில் போன நேரத்தை அப்புறம் எந்த இன்ஜினும் திருப்பித் தராது. இனிப் பச்சையைப் பார்த்தபின் ஒரு மூச்சு விட்டுவிட்டு, இன்ஜினின் குரல் சரியான சுருதிக்கு வந்ததும் கிளட்சை விடுவது என்று முடிவு செய்தேன். பந்தயத்தில் தோற்பது நிச்சயம்தான். இருக்கட்டும்.

65 முடிய நான்கு வாரம் இருந்தது. ஜனவரி ஞாயிறு, காலை எட்டு மணி, லேசான பனி. பக்கத்துத் தடத்தில் அதே வண்டியில் ஒரு கல்லூரிப் பையன். பச்சை எரிந்ததும் பறந்துவிட்டான். நான் மூச்சு விட்டேன், கிளம்பினேன். கிளட்ச் வெண்ணெய் போல விட்டது. மூன்று கியர் மாற்றமும் தடங்காமல் விழுந்தன. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் கோட்டைத் தாண்டினேன். திரும்பி வந்து சீட்டை வாங்கியவன் என்னிடம் ஓடி வந்தான். "அங்கிள், ஜெயிச்சது நான். ஆனா எனக்கு 19.10, உங்களுக்கு 18.96. எப்படி அங்கிள்?" அவனுக்கு விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம்தான் என் பரிசு என்று நினைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதையெல்லாம் பந்தயத் தடத்தில், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில், ஹெல்மெட்டும் தோல் ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுத்தான் செய்ய வேண்டும். ஈசிஆரில் பேரன்கள் செய்தால் சாவியைப் பிடுங்குங்கள்.

சோழவரத்தில் கம்பிக்கு வெளியே நின்ற நாளிலிருந்து கணக்கிட்டால் நான் நாற்பது வருடம் தாமதம். அந்த நாற்பதில் ஒரு நொடிகூட அந்தச் சீட்டில் ஏறவில்லை. தங்கைகள் மூவரும் நன்றாக இருக்கிறார்கள். சாரி கார்டு நிரந்தரமாக மாட்டியாகிவிட்டது. நேற்று மாலை அதே வண்டியில் மனைவியைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன், நடை சாத்திடுவாங்க" என்றாள்.