மற்றும் குழுவினர்

எல்விஸ் பிரெஸ்லியைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. ஸ்காட்டி மூர்? பில் பிளாக்? டி.ஜே.ஃபொன்டானா? போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாதுங்க :-) செமஸ்டருக்குப் படிக்கிறேன்னு உட்கார்ந்து பழைய ராக் அண்ட் ரோல் கேட்டதில் தெரிஞ்சுகிட்டது.

1954ல் மெம்ஃபிஸ் ஊர் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் முதல் இசைத்தட்டு போட்டபோது கூட வாசிச்சது ரெண்டே பேர். கிட்டார் ஸ்காட்டி, பேஸ் பில். அந்தத் தட்டின் லேபிளில் எல்விஸ் பேரோடு 'ஸ்காட்டி அண்ட் பில்' என்றும் அச்சடிச்சிருந்தாங்க. 1955 கடைசியில் எல்விஸ் ஆர்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனிக்குப் போனார். லேபிளில் இருந்து அந்த ரெண்டு பேரும் காணாமல் போனது. எல்விஸ் கோடீஸ்வரர் ஆன பிறகும் இவங்களுக்கு வாரச் சம்பளம்தான். வெளியூர் போய் வாசிச்சா 200 டாலர், வீட்டில் இருந்தால் 100. வெறுத்துப் போய் 1957ல் ரெண்டு பேரும் ராஜினாமா எழுதிக் கொடுத்தாங்க.

பில் 1965ல் இறந்துட்டார். எல்விஸ் 1977ல். அதுக்கும் இருபது வருஷம் கழிச்சு, 1997ல், அறுபதைத் தாண்டிய ஸ்காட்டியும் டிரம்மர் ஃபொன்டானாவும் மறுபடி சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டாங்க. 'ஆல் த கிங்ஸ் மென்'. ராஜாவின் ஆட்கள். ராஜா யாருன்னு சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளிகளா வந்தவங்க யார் தெரியுமா? ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸ், ரான் வுட், ஜெஃப் பெக், லெவன் ஹெல்ம். சின்ன வயசில் எல்லாரும் எல்விஸ் ஆகணும்னு நினைச்சப்ப தான் ஸ்காட்டி ஆகணும்னு நினைச்சதா கீத் ரிச்சர்ட்ஸ் சொல்லியிருக்கார். நாற்பது வருஷம் லேட்டாக வந்த மரியாதை. ஆனாலும் வந்துச்சு. (ஸ்காட்டி 2016லும் ஃபொன்டானா 2018லும் காலமானார்கள்.)

நம்ம ஊரில் இதுக்குக் கிட்டத்தில் வருவது வி.எஸ்.நரசிம்மன். இளையராஜா பாட்டுகளில் உங்களை உருக வைத்த பல வயலின்கள் அவருடையது. 1986ல் வந்த 'ஹவ் டு நேம் இட்'டில் வாசிச்சவரும் அவரே. அவர் சினிமா ரெக்கார்டிங் கலைஞர்களைச் சேர்த்து 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' தொடங்கினார். கர்நாடகக் கிருதிகளை நாலு தந்தி வாத்தியங்களில் மேற்கத்திய முறையில் வாசிக்கிற குழு. பின்னால் இருந்தவங்க முன்னால் வந்து உட்கார்ந்தாங்க.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா, எங்க மாமா ஒரு மெல்லிசைக் குழுவில் முப்பது வருஷமா தபலா. கொடைக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டின்னு விடிய விடிய வாசிச்சவர். போஸ்டரில் பாடகர் பேர் பெரிசா இருக்கும், பாடகி பேர் கொஞ்சம் சின்னதா. கடைசியில் 'மற்றும் குழுவினர்'. மாமா அந்த 'மற்றும்'.

"பேர் போடச் சொல்லிக் கேக்கலையா மாமா?"ன்னேன்.

"பேரப் போட்டா பஸ்ஸுக்குத் துட்டு குடுப்பானா மருமகனே?"ன்னு சிரிச்சார்.

அப்ப பதில் தெரியலை. வணிகச் சட்டம் பேப்பருக்காக காப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினப்ப தெரிஞ்சுது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடுறவருக்கு மட்டுமில்லை, வாசிக்கிறவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை உண்டு. ஆனா சினிமாவுக்கு ஒரு விதிவிலக்கு வைச்சிருக்காங்க. சும்மா லேசா வந்து போறவரா இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கேயும் பேர் போடப்படாதவராகவும் இருந்தால், அவர் அநேகமா எல்லா உரிமைக்கும் 'கலைஞர்' கணக்கில் வரமாட்டார். அதாவது பேர் வெறும் கௌரவம் இல்லை மாமா. அதுவும் ஒரு ரசீதுதான்.

எங்க ஊருக்கு இது புதுசும் இல்லை. முத்துசாமி தீட்சிதர் 1835ல் மறைந்தது எட்டயபுரத்தில். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் எங்க சமஸ்தான வித்வான். கர்நாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவர்னு சொல்லப்படுகிறவர். பக்கவாத்தியமா வந்த அந்த வயலினுக்கு இன்னிக்கும் சபா அழைப்பிதழில் வாசிக்கிறவர் பேரோடு ஒரு வரி உண்டு. மிருதங்கத்துக்கும் உண்டு. அங்கே முடியுதுன்னா கொடைக் கச்சேரியில் ஏன் முடியாது?

இந்தப் பங்குனிக்கு நோட்டீஸ் அடிக்கிற வேலை எங்க தெருப் பையன்களிடம் வந்திருக்கு. ஒன்பது பேர் பேரும் வாத்தியத்தோடு போடணும்னு சொல்லியிருக்கேன். "எடம் பத்தாது"ங்கிறாங்க. நன்கொடையாளர் பட்டியலில் பாதியை வெட்டினால் பத்தும். அந்தச் சண்டை இனிமேல்தான் :-)