நம்ம கெம்பாராவை வித்துடலாமா?



வர்ற ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் அன்னதான மண்டபத்துல நிர்வாகக் கூட்டம்னு எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வந்திருக்கும். அதுல மூணாவதா "பழைய வாகனம்"னு ஒரே ஒரு வரி போட்டிருக்காங்க. அந்தப் பழைய வாகனம் வேற எதுவும் இல்ல, நம்ம வெள்ளை பெரோடுவா கெம்பாராதான். கூட்டத்துல பேச ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும். அதனால தொண்டர் குழு சார்பா நாங்க சொல்ல நினைக்கிறதை இங்கேயே எழுதிடறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

முதல்ல, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிடணும். 20 வருஷத்துக்கு மேல ஆன தேசியக் காடியை ஒப்படைச்சுட்டு புது புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கினா 4,000 வெள்ளி வரைக்கும் உதவித் தொகைன்னு 2026 பட்ஜெட்ல அறிவிச்சாங்க. நம்ம காடி 2004-ல பதிஞ்சது. மீதிப் பணத்தைப் போட்டு கோயிலுக்குப் புதுசா ஒரு ஏழு பேர் காடி எடுத்துத் தர ஒரு உபயகாரர் முன்வந்திருக்கார். நல்ல மனசு, முருகன் அவருக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது. புதுக் காடி வேண்டாம்னு நாங்க சொல்லல. பழசைக் கொண்டுபோய் நசுக்கக் குடுக்கவேண்டாம்னுதான் சொல்றோம்.

"அந்த டப்பாவையா?"னு சிரிக்கிற தம்பிங்களுக்காக ஒரு சின்னக் கதை. பெரோடுவா 1993-ல தொடங்கின கம்பெனி. 1994-ல காஞ்சில் வந்துச்சு, அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 1998-ல வந்ததுதான் கெம்பாரா. மலாய்ல கெம்பாரான்னா ஊர் ஊராப் பயணம் போறது. ஜப்பான்ல டைஹாட்சு விட்ட டெரியோஸ்தான் இதோட அண்ணன். 2007-ல கெம்பாராவை நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா 2008-ல நாவ்டிக்கான்னு ஒண்ணு வந்துச்சு, கொஞ்ச நாள்லயே அதுவும் காணாமப் போச்சு. டைஹாட்சுங்கிற பெயரே ஆஸ்திரேலியாவை விட்டு 2006-லயும், ஐரோப்பாவை விட்டு 2013-லயும் போயிடுச்சு. இங்கயும் புது டைஹாட்சு காரை யாரும் கடையில போய் வாங்கறதில்ல. அதனால பலபேருக்கு இது அப்பன் பேர் தெரியாத காடி மாதிரி. ரெண்டாவது கையில விக்கப் போனாலும் யாரும் பெருசா மதிக்கறதில்ல.

ஆனா அந்தச் சின்ன உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. எப்பவும் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் அமைப்பு. அதுக்கப்புறம் பெரோடுவா விட்ட ஆருஸ் பார்க்க இதைவிடப் பெரிய ஆளா இருக்கும், ஆனா அதுல இழுக்கிறது பின் சக்கரம் ரெண்டு மட்டும்தான். அத்திவாவுல முன் சக்கரம் ரெண்டு. நாலும் இழுக்கிற காடி வேணும்னா இன்னைக்குப் பெரோடுவா கடையில கிடையாது.

சரி, நாலு சக்கரம் இழுத்தா கோயிலுக்கு என்ன லாபம்? மாசத்து முதல் ஞாயிறு எங்களோட வந்தவங்களுக்கு இது தெரியும், வராதவங்களுக்குச் சொல்றோம். கேரித் தீவுக்குப் போற வழியில எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள்ள ஒரு பழைய மாரியம்மன் கோயில். ஒரு காலத்துல அங்க லயம் நிறைய நம்ம ஆளுங்க. பிள்ளைங்க எல்லாம் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங்னு வேலைக்குப் போயிட்டாங்க. இப்ப அங்க மிச்சம் இருக்கிறது சில குடும்பம்தான், அதுலயும் பாதிப் பேர் எழுபதைத் தாண்டின பாட்டி தாத்தா. நம்ம குருக்கள் ஐயா போனாத்தான் அங்க அபிஷேகம். நாங்க அரிசி, எண்ணெய், பருப்பு, பால் மாவு கொண்டுபோய்க் குடுக்கறோம். கிளினிக் போகவேண்டியவங்க இருந்தா திரும்பி வரும்போது ஏத்திக்கிட்டு வர்றோம்.

தார் ரோடு முடிஞ்ச பிறகு இருக்கிறது கடலோரக் களிமண் பாதை. காய் ஏத்துற லோரி போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் மழைன்னா அது ரோடே இல்ல, வெண்ணெய். அந்த இடத்துல ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பிச்சா, எஞ்சினோட சக்தி முழுக்க அந்தச் சும்மா சுத்துற சக்கரத்துக்கே ஓடிடும். மத்த மூணும் வேடிக்கை பார்க்கும். கெம்பாராவுல அதுக்குத்தான் ஒரு பொத்தான் இருக்கு. அதை அமுக்கினா முன் அச்சும் பின் அச்சும் ஒண்ணா பூட்டிக்கும், பின்னால வழுக்கினாலும் முன்னால பிடிச்சு இழுக்கும். மெதுவா, புகை கிளப்பாம, ஆடிக்கிட்டே வெளிய வந்திடும். தார் ரோடு ஏறினதும் மறக்காம அதை எடுத்துவிடணும், இல்லன்னா திரும்பும்போது கியர் பக்கம் முறுக்கு ஏறும். புதுசா ஓட்ட வர்ற தம்பிங்களுக்கு நாங்க முதல்ல சொல்லிக்குடுக்கிறதே இதைத்தான்.

போன நவம்பர்ல ஒருத்தர் புது வேன்ல எங்களோட வந்தார். தோட்டத்து வாசல்லயே நிறுத்திட்டு, மூட்டையை எல்லாம் கெம்பாராவுக்கு மாத்தி மூணு நடை அடிச்சோம். குருக்கள் ஐயா அபிஷேகக் குடத்தை மடியில வச்சுக்கிட்டு முன் சீட்ல உட்கார்ந்து, "இது வாகனம் இல்லடா, மூஷிகம்"னார். முருகன் கோயில்ல மயில்னு சொல்லியிருக்கலாம், பரவாயில்ல.

பட்டணத்துல அது வேற விதமா உதவுது. அகலம் 1,555 மில்லிமீட்டர்தான். ஆருஸ் 1,695. பதினாலு சென்டிமீட்டர் ஒரு பெரிய விஷயமான்னு கேக்கறவங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ்ல காடியை விட இடம் தேடிப் பார்க்கணும். துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால இருக்கிற சந்துக்குள்ள போய் மாலைக் கட்டையும் வாழைத்தாரையும் ஏத்திக்கிட்டு ஒரே வெட்டுல திரும்பி வர்றதுக்கு இதைவிட நல்ல காடி எங்களுக்குக் கிடைக்கல. தைப்பூசத்துக்கு பத்துமலை தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ், மோர்ப்பானை, மடக்கு மேசை எல்லாம் போனதும் இதுலதான்.

2021 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா கூரை வரைக்கும் முங்கிப்போன நாள் அது. இந்தக் காடி தண்ணியில நீந்தினதா ஒரு கதை நம்ம கோயில்லயே சுத்துது. அது பொய், யாரும் நம்பவேண்டாம். ஓடற தண்ணியில எந்தக் காடியையும் இறக்கக்கூடாது, இதையும்தான். நாங்க உள்ள போனது தண்ணி வடிஞ்ச பிறகு. அப்ப ரோடு முழுக்கச் சேறு, நடு ரோட்டுல மெத்தை, சோஃபா, பிரிட்ஜ். அந்தச் சேத்துல சாப்பாட்டுப் பொட்டலமும் குடிதண்ணியும் வீட்டு வாசல் வரைக்கும் போச்சு, அவ்வளவுதான்.

இனி குறை. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. 1.3 எஞ்சின்தான், ஆனா எந்நேரமும் நாலு சக்கரத்தையும் சுமந்து ஓடுறதால மைவியைவிடக் கூடுதலாத்தான் எண்ணெய் குடிக்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில 90-ஐத் தாண்டினா உள்ள பேசறது கேக்காது. உயரம், அகலம் கம்மி. துறைமுகம் போற லோரி பக்கத்துல கடந்து போனா ஒரு ஆட்டம் ஆடும். வளைவுல வேகமாத் திருப்பவே கூடாது. இப்ப வர்ற காடிங்க மாதிரி முன்னால ஆள் வந்தா தானா பிரேக் பிடிக்காது. அதனாலதான் பிள்ளைங்களைத் தேவார வகுப்புக்கு ஏத்திப் போறது, ராத்திரியில ஹைவே ஓட்டம், இது ரெண்டையும் நாங்க இதுல வச்சுக்கறதே இல்ல. புதுக் காடி வந்தா அந்த வேலைக்குத்தான் வரணும், தாராளமா வரட்டும்.

"சாமான் கிடைக்காது, நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"ன்னு தலைவர் போன கூட்டத்துல கேட்டார். நியாயமான கேள்வி. பதிலும் நல்ல பதில்தான். 2003-லேருந்து வந்த கெம்பாராவுல இருக்கிறது கே3-விஇ எஞ்சின். 2005-ல வந்த முதல் மைவி 1.3-லயும் அதே குடும்பத்து எஞ்சின்தான். மைவி ஓடற ஊர்ல அதுக்குப் பிளக்கும் கேஸ்கெட்டும் கிடைக்காமப் போகுமா? எஞ்சின் படுத்திருக்கிற திசை வேற, அதனால சுத்தி இருக்கிற சில பாகம் பொருந்தாது. உள்ள போற சாமான் பெரும்பாலும் பொருந்தும். ஃபோர் வீல் சம்பந்தப்பட்டது வேணும்னா ஜப்பான் டெரியோஸை வெட்டி விக்கிற ஹாஃப் கட் கடையில தேடணும், அதுக்குக் கிள்ளான்ல அலையவேண்டியதில்ல. நம்ம போர்மன் அண்ணனும் இதைக் கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டி மாட்டுவார். ரோட்டெக்ஸ் வருஷத்துக்கு 70 வெள்ளி.

நசுக்கக் குடுத்தா அதிகபட்சம் 4,000 வெள்ளி. அந்தக் காசுக்குக் களிமண்ணுல இறங்கற வேற ஒரு நாலு சக்கர இழுவைக் காடியை யாராவது காட்டினா, சாவியை நாங்களே கொண்டுவந்து பொருளாளர் கையில குடுத்துடறோம். ஹைலக்ஸ் வாங்கலாமேன்னு ஒரு மாமா சொன்னார். வாங்கலாம் மாமா, ராஜகோபுரத்துக்கு வண்ணம் அடிச்ச கடன் முடியட்டும்.

உபயகாரர்கிட்டயும் இதை நேர்ல சொல்லிட்டோம். அவர் கோவிச்சுக்கல. "அந்தத் தோட்டத்துக்கு நானும் ஒருநாள் வரேன், எங்கம்மா பிறந்தது அந்தப் பக்கம்தான்"னார்.

ஞாயிறு கூட்டத்துக்கு வர்றவங்க இதை மனசுல வச்சுக்கிட்டு கை தூக்குங்க. வேற கருத்து இருந்தா கீழேயே எழுதலாம், பதில் சொல்றோம். அடுத்த தோட்டப் பயணம் வழக்கம்போல மாசத்து முதல் ஞாயிறு, காலை 7 மணிக்குப் புறப்பாடு. அரிசி, சமையல் எண்ணெய் குடுக்கறவங்க சனிக்கிழமை சாயங்கால பூஜைக்குள்ள மடப்பள்ளி வாசல்ல வச்சிடுங்க. பெரியவங்க டயப்பர் இந்தத் தடவை அதிகம் தேவைப்படுது, எல் சைஸ். காடிக்குப் பின் டயர் ரெண்டு மாத்தணும், உபயம் செய்ய விருப்பம் இருக்கிறவங்க அலுவலகத்துல பேர் குடுக்கலாம். சீட்டு எல்லாம் நிரம்பிடுச்சு, கூட வர்றவங்க உங்க காடியை வாசல்ல நிறுத்திட்டு உள்ள நடந்து வரணும், செருப்பு பழசாப் போட்டுக்கிட்டு வாங்க.