லாரி நம்பரும் ரெஸ்யூமில் ஏறும்!

கோடை விடுமுறை நெருங்கினால் பத்திரிகை அலுவலக மெயில் பெட்டியில் ஒரு தனி ரகக் கடிதம் குவியும். 'இன்டர்ன்ஷிப் கிடைக்குமா சார்?' என்று கல்லூரிப் பிள்ளைகள் அனுப்புகிற ரெஸ்யூம்கள். பத்துப் பதினைந்தைப் படித்தால் போதும், பதினாறாவதைப் பார்க்காமலே ஒப்பித்துவிடலாம். 'சவாலான சூழலில் பணியாற்றி, நிறுவனத்தோடு சேர்ந்து நானும் வளர வேண்டும்' என்பது லட்சியம். கடின உழைப்பு, நேர்மை ஆகியவை பலம். பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு. அப்புறம் அப்பா பெயர், மதம், 'திருமணம் ஆகவில்லை', கடைசியில் 'மேற்கண்டவை உண்மையென உறுதி கூறுகிறேன்'. நட்சத்திரமும் லக்னமும்தான் பாக்கி. அதையும் சேர்த்தால் நேராகக் கல்யாண புரோக்கரிடமே கொடுத்துவிடலாம்!

முன்பெல்லாம் இது சீனியரிடம் வாங்கின காப்பி. ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பெயரை மட்டும் மாற்றுவார்கள். இப்போது ஏ.ஐ. எழுதித் தருகிறது. இங்கிலீஷ் பளபளக்கிறது. ஆள்தான் காணோம்.

சில மாதங்களுக்கு முன்னால் விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் பி.காம். இரண்டாம் வருஷம். சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்ணப் போகிறாள். 'பத்திரிகையில எழுதுற சார் வந்திருக்காரு, காட்டிட்டு வா' என்று அவள் அம்மா அனுப்பிவைத்திருந்தார். இரண்டு பக்க ரெஸ்யூம். அதேதான். சவாலான சூழல், கடின உழைப்பு, பாட்டு.

"காலேஜ் முடிஞ்சு வந்து சாயங்காலம் என்னம்மா பண்ணுவே?"

"ஒண்ணும் இல்ல சார். அம்மா வேலை பார்க்கிற ஆயில் மில்லுக்குப் போய் அண்ணாச்சிக்குப் பில் போட்டுக் குடுப்பேன்."

"எத்தனை நாளா?"

"பிளஸ் டூ லீவுலேர்ந்து. ரெண்டு வருஷம் இருக்கும் சார்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்ன பில் என்று விசாரித்தால், ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ், டாலியில் பதிவு, இ-வே பில் என்று சாதாரணமாக அடுக்குகிறாள். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சமாச்சாரம் இந்த இ-வே பில். எந்தச் சரக்கு, என்ன மதிப்பு, எந்த வண்டியில் போகிறது என்று லாரி கிளம்புவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். வழியில் சோதனை போடும்போது நம்பர் மாறியிருந்தால் வண்டியைச் சரக்கோடு ஓரங்கட்டிவிடுவார்கள்.

"ஒருநாள் கோயம்புத்தூர் லோடு சார். திண்டுக்கல் தாண்டி வண்டி நின்னுபோச்சு. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். டிரைவர் அண்ணன் வேற லாரி பிடிச்சு சரக்கை மாத்திட்டாரு. நான் வீட்ல இருந்தே போன்ல பார்ட்-பியில புது நம்பரைப் போட்டுவிட்டேன். காலையில லோடு இறங்கிருச்சு."

"இதை ஏம்மா எழுதலை?"

"அதெல்லாம் ஒரு வேலையா சார்? அண்ணாச்சி லெட்டர்கூடக் குடுக்க மாட்டாரு." கொஞ்சம் தயங்கி, "அம்மா அங்கே டின் கழுவுறாங்க. மெட்ராஸ்ல கேட்டா சிரிப்பாங்கள்ல..." என்றாள்.

நானும் பி.காம். படித்தவன்தான். சொத்தைக் கூட்டிக் காட்டுகிற பேலன்ஸ் ஷீட் உண்டு; இருக்கிற சொத்தை மறைத்துவிட்டு, இல்லாததை எழுதிய பேலன்ஸ் ஷீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்!

உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தோம். லட்சியம் போச்சு. மதம், அப்பா பெயர், உறுதிமொழி, பாட்டு எல்லாம் போச்சு. அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்பதும் வேண்டாம் என்றேன். வெட்கத்துக்காக அல்ல; ரெஸ்யூம் அவளைப் பற்றியது. எக்செல்லுக்கு ஐந்துக்கு நான்கு ஸ்டார் என்று அவளே மார்க் போட்டிருந்தாள். அதைத் தூக்கிவிட்டு எக்செல்லில் என்ன செய்தாள் என்று எழுதச் சொன்னேன். இரண்டு பத்தி, கட்டம், கலர் எல்லாவற்றையும் எடுத்து ஒரே பத்தியாக, ஒரே பக்கமாக ஆக்கினோம். பெரிய கம்பெனிகளில் முதலில் படிப்பது மனிதர் அல்ல, சாஃப்ட்வேர். அலங்காரம் பண்ணினால் அது திணறும். மெயில் ஐ.டி.யில் இருந்த 'ஸ்வீட் ஏஞ்சல்' விடைபெற்றது.

மேலே ஏறியது மில் வேலை. வாரத்துக்கு எத்தனை பில் என்று கேட்டேன். "நூறுன்னு போட்டுக்கவா சார்?" என்றாள். "போய் எண்ணிட்டு வா. இன்டர்வியூவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்." மறுநாள் எண்ணிக்கொண்டு வந்தாள். நூறு இல்லை, நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து என்றே போட்டோம். லாரிக் கதை ஒரே வரியில் ஏறியது.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஓர் அரியர் இருந்தது. அதைத் தண்டோரா போட வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் மறைக்கக் கூடாது.

கூடவே ஒரு சின்ன மெயில். அந்த ஆபீஸ் சிறு வியாபாரிகளின் கணக்கைப் பார்ப்பதால்தான் அங்கே வர விரும்புகிறேன், எங்கள் ஊர் மில்லில் செய்தது அங்கே உதவும் என்று நாலே வரி. கவரிங் லெட்டர் என்று பெரிசாகப் பயமுறுத்துகிறார்களே, அவ்வளவுதான் அது.

இதில் பெரிய வாத்தியார் லியோனார்டோ டாவின்சி. 1482 வாக்கில், முப்பது வயதில், மிலன் நகரத்தை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்க ஒரு கடிதம் தயாரித்தார். தூக்கிக்கொண்டு போகக்கூடிய பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கவச வண்டி செய்வேன் என்று வரிசையாகப் போகிறது. சிற்பமும் ஓவியமும் கிட்டத்தட்டக் கடைசியில். அவருக்குத் தெரியாதா தான் யார் என்று? ஆனால் சண்டைக்கு நடுவில் இருக்கிற பிரபுவுக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

ரெஸ்யூமே இல்லாத இன்டர்ன்ஷிப்பும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. 1922-23 வாக்கில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். சிவகாசித் தீப்பெட்டி அப்படித்தான் பற்றிக்கொண்டது. பின்னால் பட்டாசும் அச்சகமும் வந்தன. இன்றைக்கு அப்படிப் போனால், வாசலில் வாட்ச்மேனே 'ரெஸ்யூம் மெயில் பண்ணுங்க தம்பி' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தப் பெண்ணுக்கு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. இருபது நிமிஷப் பேச்சில் பாதி நேரம் திண்டுக்கல் லாரிதானாம். எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தருகிற ஸ்டைபண்டுக்கும் சென்னை லேடீஸ் ஹாஸ்டல் கட்டணத்துக்கும் நடுவே கொஞ்சம் துண்டு விழுகிறது. அம்மா மில்லில் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார். 'ரெண்டு மாசம் பில்லை யாரு போடுறது?' என்று கேட்ட அண்ணாச்சி, அட்வான்ஸ் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.